ஏர் ரைபிளில் எந்தப் பார்ட்டை மாற்றலாம்? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் ஒரு பழைய தேயிலைக் கிடங்குக்குள், ஏர் ரைபிள் சுடப் பழகும் பத்து மீட்டர் ரேஞ்ச் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து நடத்துகிறேன். சனி, ஞாயிறு காலையில் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். மத்தியானத்துக்கு மேல் பெரியவர்கள் வருவார்கள். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் என்று எங்கிருந்து வந்தாலும், துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்ததும் முதல் கேள்வி பார்ட் மாற்றுவது பற்றித்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

அண்ணா, கன்ல எந்த பார்ட்டை மாத்தினா நல்லா அடிக்கும்?

உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். குழலை மடக்கி இழுத்தால் உள்ளே ஒரு பெரிய கம்பிச் சுருள் அமுங்கி, ட்ரிகரை அழுத்தியதும் அது பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்துகிறதா? அது ஸ்பிரிங் ரைபிள். கம்பிச் சுருளுக்குப் பதிலாக அடைத்து வைத்த வாயு இருந்தால் கேஸ் பிஸ்டன். குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர் இருந்து, அதில் முன்கூட்டியே காற்றை நிரப்பிச் சுட்டால் அது பிசிபி. என்னிடம் வருவதில் பெரும்பாலானவை ஸ்பிரிங் ரைபிள்கள், அதனால் பதில்களும் அதைச் சுற்றியே இருக்கும்.

எந்தப் பார்ட் என்பதற்கு, கெட்டுப்போனது எதுவோ அது என்பதுதான் நேர்மையான பதில். எதுவும் கெடாத துப்பாக்கியில் ஸ்பிரிங்கையோ, காற்று கசியாமல் அடைக்கும் 'சீல்' என்ற பாகத்தையோ மாற்றிக் குறி நன்றாக வந்ததை நான் பார்த்ததில்லை. குறி கெட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

யூடியூப்ல எல்லாரும் போல்ட் கேரியர் குரூப் மாத்தறாங்களே, நம்ம கன்னுக்கும் அது கிடைக்குமா?

கிடைக்காது. நம் துப்பாக்கிக்குள் அப்படி ஒரு பாகமே இல்லை. அந்த வீடியோக்களில் வருவது அமெரிக்காவின் ஏஆர்-15 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைபிள். வெடிமருந்து எரிந்து வரும் வாயுவில் கொஞ்சம் குழலின் துளை வழியாகப் பின்னால் திரும்பி வந்து, போல்ட்டைச் சுமக்கும் கேரியரைத் தள்ளும். கேரியர் நகரும்போது, குழலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட் சுழன்று பூட்டைத் திறக்கும், காலித் தோட்டாவை இழுத்து வெளியே எறியும், ஸ்பிரிங் அதைத் திருப்பி அனுப்பும்போது அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றும். இவ்வளவு வேலையும் அந்த ஒரு தொகுதியின் தலையில்தான்.

அங்கே அதைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. நிக்கல் போரான், நைட்ரைடு என்று பளபளப்பான பூச்சைப் பார்த்துத்தான் ஆட்கள் மயங்குகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது, போல்ட் எந்த எஃகில் செய்தது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று காந்தத் துகள் சோதனை நடந்ததா, வாயு வந்து சேரும் மேல்பாகத்தின் திருகுகள் கழன்று வராதபடி ஓரத்தை அடித்து இறுக்கியிருக்கிறார்களா என்பவைதான். சாதாரண பாஸ்பேட் பூச்சு போட்ட, ஒழுங்காகச் செய்த ஒன்று அங்கே பல்லாயிரம் தோட்டாக்களுக்குத் தாங்குகிறது. நம் ஏர் ரைபிள் பார்ட்டுகளுக்கும் இதே கண்ணோட்டம் போதும்.

அப்போ நம்ம ரைபிள்ல அதுக்குச் சமமானது எது?

பிஸ்டன், அதன் முன்னால் இருக்கும் சீல், ஸ்பிரிங், ஸ்பிரிங்கை நேராகப் பிடிக்கும் கைடு, இந்த நான்கும் சேர்ந்த தொகுதி. சுடும் சக்தி அங்கிருந்துதான் வருகிறது, உதறலும் அங்கிருந்துதான். இந்த நான்கில் எனக்கு முக்கியமானது சீல். கடைக்காரர்கள் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுவார்கள், சீலைப் பற்றிப் பேசுவது குறைவு.

பழைய துப்பாக்கிகளில் சீல் தோலில் இருக்கும், புதியவற்றில் செயற்கைப் பொருள். தோல் வாஷர் ஜனவரியில் ஊட்டிக் குளிரில் காய்ந்து சுருங்கிவிடும். அப்போது துப்பாக்கி சோம்பலாகச் சுடும், உடனே ஸ்பிரிங் போச்சு என்று முடிவு கட்டுவார்கள். காற்று வெளியேறும் துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, குழல் மேலே பார்க்க ஒரு ராத்திரி சுவரில் சாய்த்து வைத்தால் மறுநாள் பழைய வேகம் திரும்பிவிடும். செயற்கை சீலுக்கு இதைச் செய்யாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கலாமா சார்?

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், குண்டு வெளியேறும்போது அதன் சக்தி 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பில்லை ஒரு நகல் எடுத்துத் துப்பாக்கிப் பையிலேயே வையுங்கள், வழியில் யாராவது கேட்டால் உதவும். 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள் இந்த விலக்கில் வராது. அதுவும் ஏர் கன்தானே என்று நினைத்து வாங்கிவிட்டு வந்து கேட்கிறவர்கள் உண்டு.

மாத்தறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

கட்டையையும் இரும்பையும் பிடித்திருக்கும் திருகுகளை முதலில் பாருங்கள். ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னும் உதறும், அந்த உதறலில் திருகு மெல்ல மெல்லக் கழலும். குறி சிதறுகிறது என்று வரும் துப்பாக்கிகளில் நான் முதலில் எடுப்பது ஸ்குரூ டிரைவரைத்தான். அரைச் சுற்று இறுக்கியதும் சரியாகிப்போனவை நிறைய.

அடுத்து மடக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, குழலை மூடிய பிறகு அந்த மூட்டின் மேல் வைத்து, குண்டு போட்டு இலக்கை நோக்கிச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் காற்று அங்கே கசிகிறது. வளையம் தேய்ந்திருக்கும், சின்னச் செலவில் முடிந்துவிடும்.

மூன்றாவது, துப்பாக்கியைப் பிடிக்கிற விதம். ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் உதறல் வேறு மாதிரி போகும், குண்டும் வேறிடம் போகும். முன்னால் தாங்கும் கையை விரித்து, உள்ளங்கையின் மேல் அது சும்மா கிடக்கட்டும். கோத்தகிரியிலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளை ஒரு மாதமாக ஸ்பிரிங் மாற்றச் சொல்லி அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். இடது கை விரல்களை மடக்காமல் பத்துக் குண்டு சுடச் சொன்னேன். ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்காத குழிகள், அன்றைக்கு அதற்குள் அடங்கின.

இவ்வளவும் பார்த்த பிறகும் குறை இருந்தால், க்ரோனோகிராஃப் என்னும் வேகம் அளக்கும் கருவியில் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். அதிகபட்ச வேகத்தை விட, பத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். நொடிக்கு ஐந்து மீட்டருக்குள் வித்தியாசம் இருந்தால் நான் அந்தத் துப்பாக்கியைத் திறக்க மாட்டேன்.

பெல்லட் எது வாங்கினாலும் ஒண்ணுதானே?

இல்லை. பெல்லட் என்பது ஏர் ரைபிளில் போடும் குண்டு. பத்து மீட்டரில் காகிதத்தில் சுடுவதற்குத் தட்டைத் தலை பெல்லட் வாங்குங்கள். அது காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடும், புள்ளி எண்ணுவது சுலபம். ஒரே டப்பாவிலேயே சில பெல்லட்டின் பாவாடை, அதாவது விரிந்த பின்பகுதி, நசுங்கியிருக்கும், அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விற்கிறார்கள். உங்கள் குழலுக்கு எது பொருந்தும் என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரியும். புது ஸ்பிரிங் வாங்கும் பணத்தில் நான்கு வகை பெல்லட் டப்பா வாங்கிச் சோதியுங்கள். பெல்லட் ஈயத்தில் செய்தது, அதனால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைகளை வடை சாப்பிட விடாதீர்கள்.

கோயம்புத்தூர்ல மாமா வீட்ல வேகமா போச்சு, ஊட்டில மெதுவா போகுது. ஸ்பிரிங் போச்சா?

போகவில்லை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். பிஸ்டனுக்கு முன்னால் சிலிண்டரில் அடைபடும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு. குறைந்த காற்றை அழுத்தினால் குண்டுக்குக் கிடைக்கும் தள்ளலும் குறையும். குன்னூரில் இது கொஞ்சம் குறைவாகத் தெரியும், கூடலூரில் இன்னும் குறைவு. குளிரில் உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டியாகி இழுப்பதும் சேர்ந்துகொள்ளும்.

பத்து மீட்டர் இலக்குக்கு இந்த வேகக் குறைவால் ஒரு நஷ்டமும் இல்லை. உலகப் போட்டிகளில் பயன்படுத்தும் ரைபிள்களே நொடிக்கு 170 மீட்டரை ஒட்டித்தான் குண்டை அனுப்புகின்றன. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய போட்டி இந்தப் பத்து மீட்டர்தான். கிழிக்கும் சக்தியை யாரும் அங்கே எண்ணுவதில்லை. நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம், குண்டின் விட்டம் அதைப்போல் ஒன்பது மடங்கு.

சரி, அந்தக் குறைவை ஈடுகட்ட ஹெவி ஸ்பிரிங் போட்டா?

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிஸ்டன் முன்னால் பாயும்போது கடைசி நொடியில் அதைத் தாங்கிப் பிடிப்பது அழுத்தப்பட்ட காற்றுதான், மெத்தை மாதிரி. மலையில் காற்று லேசு என்பதால் மெத்தையும் மெலிந்தது. அதில் கனமான ஸ்பிரிங்கைப் போட்டால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் போய் இடிக்கும். சீல் பிய்யும், மேலே மாட்டிய குறிபார்க்கும் ஸ்கோப் கழலும், உதறல் கூடும், குறி சிதறும். குண்டே போடாமல் சுட்டால் துப்பாக்கி ஏன் கெடும் என்பதற்கும் காரணம் இதுதான்.

நானும் ஒரு தடவை இணையத்தில் ஒரு கடையில் வாங்கி இதைச் செய்திருக்கிறேன். 'பவர் கிட்' என்று உறையில் போட்டிருந்தது. முதல் ஐம்பது குண்டுக்கு வேகம் ஏறியது. இருநூறு தாண்டுவதற்குள் சீலின் ஓரம் பற்களால் கடித்த மாதிரி ஆகிவிட்டது. கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது, கைடு சரியாகப் பொருந்தாமல் ஸ்பிரிங் வளைந்து உரசிய கோடு பிஸ்டனின் உள்பக்கம் முழுக்க ஓடியிருந்தது.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. முன்னே சொன்ன 20 ஜூல் எல்லையை நினைவில் வையுங்கள். 0.51 கிராம் குண்டு நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் சக்தி சரியாக 20 ஜூல். அதற்கு மேல் போனால் உங்கள் வீட்டில் இருப்பது லைசென்ஸ் தேவைப்படும் ஆயுதம். ஊட்டியில் எல்லைக்குள் இருக்கிறது என்று அளந்துவிட்டு, அதே துப்பாக்கியைச் சென்னைக்குக் கொண்டுபோனால் கனமான காற்றில் எல்லையைத் தாண்டிவிடலாம்.

மலையில் வேறு ஒரு வழி இருக்கிறது. மிக லேசான பெல்லட்டைத் தவிர்த்து, ஓரளவு கனமானதைப் போடுங்கள். குண்டு நகரத் தாமதிக்கும் அந்த இமைப்பொழுதில் மெத்தைக்குக் காற்று சேரும். துப்பாக்கியின் சத்தமே மாறுவதைக் கேட்பீர்கள்.

கேஸ் பிஸ்டன் கிட் போடலாமா? அது அதிராதாமே?

ஸ்பிரிங்கின் முறுக்கும் 'டொய்ங்' சத்தமும் இருக்காது, அது உண்மை. இழுத்து வைத்தபடி கொஞ்ச நேரம் விட்டாலும் ஸ்பிரிங் மாதிரி தளராது. ஆனால் வாயு என்பதால் குளிரில் அழுத்தம் குறையும். கோவையில் 35 டிகிரி மத்தியானத்துக்கும் ஊட்டியில் 8 டிகிரி காலைக்கும் இடையே அழுத்தம் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் இறங்கும். வாயு கசிந்துவிட்டால் முழுத் தொகுதியையும்தான் மாற்ற வேண்டும், இங்கே யாரும் நிரப்பித் தர மாட்டார்கள். கேஸ் பிஸ்டனோடு தொழிற்சாலையிலிருந்து வந்த துப்பாக்கியை வாங்கலாம். ஸ்பிரிங் துப்பாக்கிக்குள் அதைத் திணிக்க நான் சொல்ல மாட்டேன்.

சீல் மாத்தினதும் புகை வருது, சத்தம் பட்டாசு மாதிரி இருக்கு. பயமா இருக்கு அங்கிள்.

உள்ளே எண்ணெய் அதிகம். காற்றைச் சட்டென்று அழுத்தினால் அது சூடாகும். பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் இருந்தால் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும், டீசல் இன்ஜின் ஓடுவது இப்படித்தான். புதிய சீல் போட்ட பிறகு முதல் இருபது, முப்பது குண்டுக்கு லேசாகப் புகை வந்தால் விட்டுவிடுங்கள். வெடிக்கிற மாதிரி சத்தம் தொடர்ந்தால் நிறுத்திவிட்டு, பிரித்துத் துடைக்க வேண்டும். செயற்கை சீலுக்கு முன்னால் எண்ணெய் விட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். பிஸ்டனின் பக்கவாட்டில், உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் பேஸ்ட்டை விரல் நுனியால் மெழுகினால் போதும்.

நானே வீட்ல கழட்டி மாத்தலாமா?

முதல் தடவை தனியாக வேண்டாம். இழுத்து வைக்காத துப்பாக்கியிலும் ஸ்பிரிங் பல சென்டிமீட்டர் அமுங்கித்தான் உட்கார்ந்திருக்கும். பின் மூடியைக் கழற்றிய கணத்தில் அது முகத்துக்கு நேராகப் பாயும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவியில் பொருத்தி, மெல்லத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். தொடையில் முட்டுக்கொடுத்துக் கழற்றும் வீடியோக்களை நம்பாதீர்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். வெளியே வந்த சீலைத் தூக்கிப் போட வேண்டாம், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதில் பிஸ்டனின் கதை முழுக்க இருக்கும்.

ட்ரிகரை லேசாக்கித் தர முடியுமா?

கொடுத்திருக்கும் திருகில் சரிசெய்யும் அளவுக்குள் செய்யலாம். உள்ளே இருக்கும் கொக்கியை அரம் போட்டுத் தேய்ப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். குழலை மடக்கி, குண்டு போட விரலை உள்ளே வைத்திருக்கும்போது கொக்கி நழுவினால் விரல் போய்விடும்.

பிசிபி வாங்கிட்டா இந்தத் தொல்லை எதுவும் இல்லையாமே?

உயரத்தால் வரும் தொல்லை பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் சக்தி சிலிண்டரில் அடைத்த காற்றிலிருந்து வருகிறது. உதறலும் கிட்டத்தட்ட இல்லை. போட்டிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு ஒருநாள் இது வேண்டியிருக்கும். அறுபது குண்டு, ஒன்றே கால் மணி நேரம் என்னும் போட்டியை ஸ்பிரிங்கில் மடக்கி மடக்கிச் சுடுவது கஷ்டம்.

நம் ஊரில் இதற்கு எதிரி பனிமூட்டம். பெரும்பாலும் கைப்பம்பில்தான் 200 பார் அழுத்தம் வரைக்கும் காற்று அடிக்கிறோம். குன்னூரில் மூடுபனி இறங்கிய காலையில் அடித்தால், ஈரக்காற்று அழுந்தித் தண்ணீராக மாறிச் சிலிண்டருக்குள் போகும். ஒரு தடவை பம்பின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்தபோது என் கைக்குட்டையில் கலங்கலாகத் தண்ணீர் தெறித்தது. வெயில் அடிக்கும் நாளில் அடியுங்கள். ஐம்பது தடவை அடித்ததும் பம்பை ஐந்து நிமிஷம் ஆறவிடுங்கள். காற்று நுழையும் இடத்தில் சிலிக்கா ஜெல் வடிகட்டி போடுங்கள். பிசிபிக்கு வாங்க வேண்டிய முதல் 'அப்கிரேடு' இந்த வடிகட்டிதான், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரெல்லாம் அதற்கு அப்புறம். பழைய துப்பாக்கி வாங்கினால் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். போட்டி ரைபிள் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து வருஷம்தான் சிலிண்டருக்கு ஆயுள் சொல்கிறார்கள்.

துரு பிடிக்குது, எவ்வளவு துடைச்சாலும் போகல.

துப்பாக்கியைப் பஞ்சு வைத்த பையிலேயே போட்டு வைக்கிறீர்களா? ஜூன் முதல் டிசம்பர் வரை அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பை பயணத்துக்கு மட்டும் போதும். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, அலமாரியில் நிற்க வையுங்கள். பட்டுப்புடவைக்குப் பூஞ்சை வராமல் இருக்க எங்கள் வீட்டு அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பு எரியும், என் ரைபிளும் அதே அலமாரியில்தான், பூட்டுப் போட்டு நிற்கிறது.

எஸ்டேட்ல குரங்கும் காட்டெருமையும் வருது. சும்மா விரட்ட ஒரு குண்டு?

கூடாது. காட்டெருமையும் கருமந்தியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அட்டவணையில் இல்லாத பிராணியைக் காயப்படுத்தினாலும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அந்தக் குண்டு சாகடிக்காது, உள்ளே தங்கிப் புண்ணாகும். இந்தக் கேள்வியோடு வருகிறவருக்கு எங்கள் ரேஞ்சில் இடம் இல்லை.

அமெரிக்கால இருந்து சித்தப்பா பார்ட் கொண்டு வந்தா தப்பா?

ஏர் ரைபிளின் சீல், ஸ்பிரிங் என்றால் பில்லோடு கொண்டுவந்து சுங்கத்தில் மறைக்காமல் சொல்லட்டும். மேலே சொன்ன போல்ட் கேரியர் போன்ற நிஜத் துப்பாக்கிப் பாகங்களை, விளையாட்டுக்குக்கூட, பெட்டியில் போட விடாதீர்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். லைசென்ஸ் இல்லாமல் இறக்குமதி செய்தால் சித்தப்பா விமான நிலையத்திலிருந்து நேராக வழக்குக்குத்தான் போவார்.

பெங்களூர் போட்டிக்கு முதுமலை வழியா கார்ல எடுத்துட்டுப் போலாமா?

இதைக் கேட்காமலேயே போனவர்களுக்காகத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். கூடலூர் வழியாகப் போனாலும் கல்லட்டி, மசினகுடி வழியாகப் போனாலும் தெப்பக்காட்டில் முதுமலைக்குள்தான் நிற்பீர்கள், அடுத்தது பந்திப்பூர். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய, எழுத்தில் முன் அனுமதி வேண்டும் என்கிறது வனவிலங்குச் சட்டம். அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கு விளக்கம் மிக அகலம், ஒரு பிராணியைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அதில் வரும். லைசென்ஸ் தேவையில்லாத ஏர் ரைபிள்தானே என்ற வாதம் செக்போஸ்ட்டில் எடுபடாது.

சத்தியமங்கலம், திம்பம் வழியும் அதே கதைதான், அதுவும் புலிகள் காப்பகம். பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, அவிநாசி, சேலம் என்று சுற்றிப் போங்கள். நேரம் கூடுதலாகும், முந்தின நாளே கிளம்பிவிடுங்கள். ரைபிளைக் குண்டு இல்லாமல், பூட்டிய பெட்டியில், பில்லும் போட்டி அழைப்புக் கடிதமும் மேலே தெரிகிற மாதிரி டிக்கியில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் அந்த ஊர்க் காற்றில் விட்டு, அப்புறம் கட்டைத் திருகுகளை ஒருமுறை பார்த்துவிட்டு முதல் குண்டைச் சுடுங்கள். மலையில் வைத்த குறி அங்கே இருக்காது, குறிபார்க்கும் சைட்டின் திருகை நான்கைந்து கிளிக் திருப்ப வேண்டியிருக்கும்.